கஷ்டகாலத்தில் விழித்துக்கொள்வது எப்படி: எல்லைப்புறக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கெட்டகுமாரன் கதை நமக்குப் புதிதல்ல. ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் அதை நாடகமாகப் போடாத சபை குமரி மேற்கில் இருக்காது. பன்றியாக நடிக்கத்தான் ஆள் கிடைக்காது. ஆனாலும் அந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு வசனம் இருக்கிறது. லூக்கா 15:14-ல் பஞ்சம் வருகிறது. 17-ம் வசனத்தில் அவனுக்குப் புத்தி தெளிகிறது. நடுவில் என்ன செய்தான்? அந்தத் தேசத்துக் குடிகளில் ஒருவனிடம் போய் ஒட்டிக்கொண்டான். பஞ்சம் வந்த உடனே அவன் விழிக்கவில்லை, சமாளிக்கப் பார்த்தான்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை முதல் குலசேகரம் வரை, அருமனை, பளுகல், கொல்லங்கோடு, கடலோரத்தில் நீரோடி, தூத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும், கிறிஸ்தவ வீடுகளில் பாதி இந்த 15-ம் வசனத்திலேயே வருஷக்கணக்காகக் குடியிருக்கின்றன. ரப்பர் விலை இறங்கினால் ஒரு குழுக் கடன். அதை அடைக்க இன்னொரு குழு. பிறகு நகை, அப்புறம் வட்டிக்காரர். கன்வென்ஷன் மேடையில் "இந்தக் கஷ்டத்தின் மூலம் கர்த்தர் உன்னை எழுப்புகிறார்" என்றால் நாமும் சத்தமாக ஆமென் சொல்கிறோம். பசி தானாக யாரையும் எழுப்பாது என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருப்பதை வெளியே எடுக்கிற அன்றுதான் குடும்பம் விழிக்கிறது. கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்த ஒரு காரியத்துக்காகத்தான். நீங்கள் சி.எஸ்.ஐ.யோ, லத்தீன் கத்தோலிக்கரோ, மலங்கரையோ, இரட்சணிய சேனையோ, பெந்தெகொஸ்தேவோ, கணக்கு ஒன்றுதான்.

தொடங்கும் முன்: இரண்டு பேச்சுகளை வெளியே தள்ளுங்கள்

முதல் பேச்சு, "என்ன பாவம் செய்தோமோ." 2011-ல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அதே மரம், அதே கத்தி, அதே ஞாயிறு ஆராதனை. அந்த ஐந்து வருஷத்தில் அருமனைக்காரர்களின் பாவம் இரண்டரை மடங்கு பெருகிவிட்டதா என்ன? விலையைத் தீர்மானித்தது கச்சா எண்ணெயும், சீனாவின் டயர் கம்பெனிகளும், தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் வெட்டிய பாலும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து போய்த் திரும்பி வராதவர்கள், படகுக்குப் புனிதர் பெயர் வைத்து அர்ச்சித்துக் கடலுக்குப் போனவர்கள்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிய பேச்சில் (லூக்கா 13) அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு நேராகவே மறுக்கிறார். கூடவே, கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். கஷ்டம் உங்கள் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் வாழ்ந்த விதத்தைத் திரும்பிப் பார்க்க அதைவிட நல்ல நேரமும் வராது.

இரண்டாவது பேச்சு, "விசுவாசம் இருந்தால் கடன் இருக்காது." 2 இராஜாக்கள் 4-ல் கடன்காரன் வாசலில் நிற்பது தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருடைய வீட்டில். கர்த்தருக்குப் பயந்து நடந்தவர் என்று அவர் மனைவியே சொல்கிறாள். கடனோடுதான் செத்தார். இதற்கு மேல் இந்தப் பேச்சுக்குப் பதில் தேவையில்லை.

ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் கொண்டுவருவார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். ஒரு கட்டன்சாயா கொடுத்து, பேச்சை மாற்றி அனுப்பிவிடுங்கள்.

படி 1: கணவனும் மனைவியும் தனியாக உட்காருவது

இதுதான் கடினமான படி. மற்றதெல்லாம் இதன்மேல் நிற்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள்.

நம் வீடுகளில் ஒளிந்திருக்கிற கடன்கள் பெரும்பாலும் ஒரே ஜாதிதான். மனைவி பெயரில் இருக்கும் மூன்றாவது குழுக் கடன், கணவனுக்குத் தெரிந்தது இரண்டு மட்டும். கூட்டுக்காரனுக்குக் கணவன் போட்ட ஜாமீன் கையெழுத்து, அவன் தவணை கட்டுவதை நிறுத்தி ஆறு மாதம். வளைகுடாவிலிருக்கும் மகன், அறைக்காரனிடம் கடன் வாங்கி வீட்டுக்கு அனுப்பிய பணம். அலமாரிப் பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கும் மாலை கவரிங் என்பது, பாறசாலையில் அதை விற்றுவிட்டு வந்தவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு உறவுக்காரர் கல்யாணத்துக்கும் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு போகிற மனைவிக்குத் தெரியாது.

பகலில் உட்காருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போயிருக்கும் நேரம் நல்லது. குடித்துவிட்டு வந்த இரவோ, குழுக்காரர் வந்து போன சாயங்காலமோ இதற்கு ஆகாது. ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. "ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கே கேட்டால் பாதிக் கடன் மறுபடியும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பேசி முடித்ததும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள், போதும். நீண்ட ஜெபம் வேண்டாம். நீண்ட ஜெபத்தில் ஒருவருக்கொருவர் குத்திக்காட்டுவது நம் வீடுகளில் தெரிந்த சங்கதிதானே.

இரண்டு விதிவிலக்கு உண்டு. கை நீட்டுகிற கணவன் இருக்கும் வீட்டில் மனைவி இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். போதகரையோ, பங்குத்தந்தையையோ, நம்பிக்கையான மூத்தவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. இன்னொன்று, "நான் இல்லாமல் போனால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்ற மாதிரி ஒரு வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் கணக்கை அங்கேயே மூடி வையுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை. கடனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

கி.மு. 520-ல், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் ஆகாய் தீர்க்கதரிசி பேசினார். விதைத்தது திரளாக இருந்தும் அறுத்தது கொஞ்சம். கூலி வாங்குகிறவன் அதைப் பொத்தலான பையிலே போடுகிறான் என்றார். வழிகளைச் சிந்தித்துப் பார்க்கச் சொல்லி ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை கேட்கிறார். குடும்ப ஜெபத்தில் முதல் வாரம் முழுக்க இந்த முதல் அதிகாரத்தையே வாசியுங்கள், பதினைந்து வசனம்தான். வாசித்து முடித்ததும் அதே மேசையில் ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அருமனைப் பக்கம். கணவர் அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். மனைவி அண்டி ஆபிசுக்கு, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறார். மகன் டிப்ளமோ படிக்கிறான்.

இடது பக்கம் வரவு. பால்வெட்டு மாதம் 18 நாள், நாளுக்கு 700 என்றால் 12,600. அண்டி ஆபிஸ் 20 நாள், 350 வீதம் 7,000. மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 20,600.

வலது பக்கம் வெளியே போவது. இரண்டு குழுவுக்கும் சேர்த்து வாரம் 1,450, மாதம் 5,800. வட்டிக்காரரிடம் வாங்கிய 50,000-க்கு அஞ்சு வட்டி, மாதம் 2,500. பைக் தவணை 2,400. சீட்டு 2,000. ஆக 12,700. அரிசி, மீன், மருந்து, பஸ், கரண்ட், காணிக்கை எல்லாவற்றுக்கும் மிச்சம் 7,900.

இந்த வீட்டுக்காரர்கள் சோம்பேறிகளும் இல்லை, ஊதாரிகளும் இல்லை. ஆனாலும் இருபதாயிரம் சம்பாதித்துவிட்டு எட்டாயிரத்துக்கும் குறைவான பணத்தில் வாழ்கிறார்கள். நோட்டில் எழுதும் வரை இது இருவருக்குமே தெரியாது. "பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

கணக்கு எழுதியதும் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது வீட்டிலிருக்கும் கிழவர் மேல்தான். தாத்தாவின் வெற்றிலை, சாயங்கால வடை, பாட்டியின் முட்டுவலித் தைலம். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். மேலே சொன்ன வீட்டில் பை பொத்தலாக இருப்பது வட்டியில். வடையைக் குறைத்தால் மாதம் முந்நூறு மிச்சமாகும், கூடவே ஒரு மனஸ்தாபமும். டாஸ்மாக் என்றால் கதை வேறு, அதைத் தனி வரியாக எழுதுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் "இதர" என்று எழுதி ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு மாதங்களை எழுதுங்கள். நம் பக்கத்துக்கு இது முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டாத மரத்தில் வெட்டு இல்லை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. வருமானம் நிற்பதும் செலவு ஏறுவதும் ஒரே மாதத்தில் என்று தெரிந்தும், வருஷா வருஷம் ஜூன் என்னவோ திடீரென்று வந்ததுபோல் வட்டிக்கு ஓடுகிறோம். அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையில் வரையுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை பால் நன்றாக வருகிற மாதங்களில் ஜூனுக்கென்று எடுத்து வைக்க வேண்டிய தொகையை அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். மன்னா பொழிந்த நாட்களிலும் ஆறாம் நாள் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னார் அல்லவா.

பிள்ளைகளுக்கு எவ்வளவு காட்டலாம்? பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முழு நோட்டும் காட்டலாம் என்பேன். மறைத்தாலும் அவர்களுக்குத் தெரியும். குழுக்காரர் வரும்போது "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்ல அனுப்பப்படுவது அவர்கள்தானே. அந்தப் பொய்யைப் பிள்ளை வாயில் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஆவிக்குரிய விழிப்பு என்று பெரிய வார்த்தை சொல்கிறோமே, பல வீடுகளில் அது இந்த ஒரு காரியத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

படி 3: கடன்களை வரிசைப்படுத்துவது

எல்லாக் கடனும் ஒரே மாதிரி இல்லை. சத்தம் போடுகிற கடனை முதலில் அடைப்பது நம் வழக்கம், ஆனால் அதிக வட்டிக் கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும். "அஞ்சு வட்டி" என்பது நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 60 சதவீதம். 50,000-க்கு வருஷம் 30,000 வட்டி போகும், முதல் அப்படியே நிற்கும். பத்து வட்டி என்றால் பத்து மாதத்தில் வாங்கிய பணமே வட்டியாகத் திரும்பிப் போயிருக்கும். அதே 50,000-ஐக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடனாக, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு வாங்கினால் வருஷம் 5,000. ஆகவே வீட்டில் மிச்சமிருக்கும் நகையை அடகு வைத்து வட்டிக்காரரை முழுசாக அடைப்பது சில வீடுகளுக்குச் சரியான வழி. ஆனால் அடைத்த கையோடு புரோநோட்டையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். "நாளைக்குத் தருகிறேன்" என்றால் நாளைக்குப் பணம் கொடுங்கள்.

குழுக் கடனைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளை நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் இந்தக் கடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக்கூடாது. மேலே பார்த்த அருமனை வீட்டில் சீட்டை விட்டுவிட்டாலும் 10,700 போகிறது, பாதி 10,300-தான். இன்னொரு கடன் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு தடவையாவது நீங்கள் அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. சொந்தக்காரரையோ கூட வேலை செய்பவரையோ மிரட்டுவதும் கூடாது. தவணை தவறும் என்று தெரிந்தால் ஒளியாமல் முந்தின வாரமே கிளைக்குப் போய்த் தவணையை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாவற்றுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. கேரளத்திலும் 2014-ல் ஆபரேஷன் குபேரா என்று பெரிய வேட்டை நடந்தது. வட்டிக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம் என்பதால் போலீஸ் கேட்காது என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு 15100. செல்போன் கடன் ஆப்காரர் படத்தை மார்ஃப் செய்து மிரட்டினால் 1930.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1982-ம் வருஷச் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்ததா என்று பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும். 2017-ல் நம் எல்லையில் ஒரு நிதி நிறுவனம் மூடியபோது, மகள் கல்யாணப் பணத்தைப் போட்டுவிட்டு இரண்டு மாநிலத்துக்காரர்களும் ரோட்டில் நின்றார்கள். "நம்ம ஆளு" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு உத்தரவாதம் இருக்கவில்லை.

எதை அடகு வைக்கவே கூடாது? உபாகமம் 24:6, திரிகையின் அடிக்கல்லையோ மேற்கல்லையோ அடகு வாங்கக்கூடாது, அது ஜீவனையே அடகு வாங்குவதுபோல என்கிறது. மாவு அரைத்து அன்றாடம் சாப்பிட அதுதான் வழி. நம் வீட்டுத் திரிகைக்கல் எது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வள்ளத்தின் இன்ஜினாக இருக்கலாம், தையல் மிஷினாக இருக்கலாம், ஷீட் அடிக்கிற மிஷினாக இருக்கலாம், வெல்டிங் செட்டாக இருக்கலாம். முடிவு செய்ததை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் கை வைக்கக்கூடாது.

படி 4: வீட்டில் என்ன இருக்கிறது

எலிசா அந்த விதவையிடம் முதலில் கேட்டது அவள் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். ஒரு குடம் எண்ணெய். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கவனியுங்கள். அயலாரிடம் கேட்டு வாங்கச் சொன்னது வெறும் பாத்திரங்களை, பணத்தை இல்லை. பாத்திரங்களை அவளிடம் எடுத்துக் கொடுத்தது, கடனுக்கு அடிமையாகப் போக இருந்த அதே பிள்ளைகள். எண்ணெய் பெருகியதும் விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மீந்ததில் பிழைத்துக்கொள் என்றார். அற்புதம் நடந்த வீட்டிலும் விற்பதும் கடன் தீர்ப்பதும் மனிதர் கையில்தான் இருந்தன.

நம் மாவட்டச் சபை வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது அங்கே சபையில் சேர்ந்தவர்கள் கூலியில்லாத கட்டாய வேலைக்கும் வரிக்கும் நசுங்கிக் கிடந்தவர்கள். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் அடிமைத்தனத்துக்கு விலை கொடுத்து விடுதலையான பெண்களைப் பற்றி மிஷன் வரலாறு பேசுகிறது. நூறு வருஷம் கழித்து, 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. தலைவர் கே.டி. பாலின் கிராம சீரமைப்பு எண்ணத்தில் பிறந்து ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையம் தேனீப் பெட்டியையும் கோழியையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இன்றும் ரப்பர் பூக்கும் பருவத்தில் தோட்டம் தோட்டமாகப் பெட்டி வைக்கிறவர்களைப் பார்க்கலாம்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வேலையையும் சும்மா கிடக்கும் பொருளையும் எழுதுங்கள். மொட்டை மாடி, கிணற்றுத் தண்ணீர், ரப்பருக்கு நடுவே காலியாகக் கிடக்கும் அஞ்சு சென்ட். மரச்சீனியும் (மரவள்ளி) மட்டி வாழையும் வைக்க அது போதும். பாட்டிக்குத் தெரிந்த முறுக்கும் முந்திரிக்கொத்தும் கிறிஸ்துமஸ் மாதத்தில் காசாகும். பெரிய தொழில் திட்டம் எதுவும் இந்த வருஷம் வேண்டாம். கடன் வாங்கித் தொடங்க வேண்டிய எதுவும் வேண்டாம்.

ரேஷன் அரிசியை வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். நாம் கௌரவம் பார்த்து விடுகிற அரிசிதான் களியக்காவிளை தாண்டிப் போய்ப் பாலிஷ் ஆகி, கிலோ அம்பது ரூபாய்க்கு நம்மிடமே திரும்பி வருகிறது என்று ஊரில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. அரிசிக் கடத்தல் மட்டும் கேலி இல்லை, வாராவாரம் பேப்பரில் வருகிற செய்திதான்.

படி 5: காணிக்கை

வருமானம் குறைந்தால் காணிக்கையைக் குறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குறைக்கலாம். வருமானத்தில் பங்கு என்றால், வருமானம் குறையும்போது பங்கும் தானாகக் குறையும். கடன் வாங்கித் தசமபாகம் கொடுக்க வேதத்தில் எங்கும் சொல்லவில்லை. "விதை காணிக்கை போடு, கடன் மரம் சாயும்" என்று டிவியில் கூகுள் பே நம்பர் ஓடவிடுகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். மல்கியா 3:10-ஐக் காட்டுவார்கள். அந்த வசனம் பண்டசாலையைப் பற்றியது, தேவனுடைய ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரரையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள் மேல் கர்த்தர் சாட்சியாக வருவேன் என்கிறார். அந்த ஐந்தாம் வசனத்தை அவர்கள் ஏன் வாசிப்பதில்லை?

கொடுப்பதை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். நம் பாட்டிமார் வைத்துவிட்டுப் போன பிடியரிசி வழக்கம் இருக்கிறதே, உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போடுவது, அதை மறுபடியும் தொடங்குங்கள். அந்தப் பானை நிறைந்ததும் சபைக்கோ, உங்களைவிட நெருக்கடியில் இருக்கும் வீட்டுக்கோ போகட்டும். கஷ்டத்தில் இருப்பவன் தன்னைப் பற்றியே நினைத்து நினைத்துச் சுருங்கிப்போவான். ஒரு பிடி அரிசி அதைத் தடுக்கும்.

படி 6: கல்யாணம், வீடு, பவுன்

இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீதனம் 1961-லிருந்து சட்டப்படி குற்றம், ஆனாலும் நம் பக்கத்தில் பவுன் கணக்கும் ரொக்கமும் காரும் பேசாத கிறிஸ்தவக் கல்யாணம் அபூர்வம். போதகர் ஜெபித்துத் தொடங்கி வைக்கும் பேச்சுவார்த்தையிலேயே அது நடக்கிறது. நோட்டில் கடைசியாக ஒரு பக்கம்: இப்போதிருக்கும் கடனில் எவ்வளவு, கல்யாணத்துக்கும் வீடு பிரதிஷ்டைக்கும் முதல் நன்மைக்கும் வாங்கியது? கூட்டிப் பாருங்கள். மகன் இருக்கும் வீடு என்றால், அவன் கல்யாணத்தில் வாங்கமாட்டோம் என்ற ஒரு வரியை அப்பாவும் அம்மாவும் கையெழுத்திட்டு அதே பக்கத்தில் எழுதலாம். கடனில் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வரிதான். மகன் கல்யாணத்தை நம்பியே பழைய கடனை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அப்படி வரும் பணம் இன்னொரு வீட்டுத் தகப்பன் அஞ்சு வட்டிக்கு வாங்கியது.

படி 7: சபையிடம் போவது

அந்தியோகியா சபை, பஞ்சம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பியது (அப்போஸ்தலர் 11). பஞ்சம் முடிந்த பிறகு அனுதாபத் தீர்மானம் போடவில்லை. உங்கள் சபையில் கோபுரத்துக்கு நிதி இருக்கும், சவுண்ட் சிஸ்டத்துக்கு நிதி இருக்கும். வட்டியில்லாமல் அஞ்சாயிரம், பத்தாயிரம் கைமாற்றுக் கொடுக்கும் நிதி இருக்கிறதா? ஜூன் மாதத்துக்கு மட்டுமாவது? அசனம் என்கிற சபை விருந்துக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் வரும் பணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தாலே தொடங்கிவிடலாம். கத்தோலிக்க ஊர்களில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியக் குழு இதற்கு நல்ல அளவு. முப்பது வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு நெருக்கடி என்று எல்லாருக்கும் தெரியும்.

உதவி கேட்டுப் போகும்போது நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். "ஜெபித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று மட்டும் சொன்னால் ஜெபித்து அனுப்பிவிடுவார்கள். கணக்கைக் காட்டி, இன்ன கடனை அடைக்க இவ்வளவு, இத்தனை மாதத்தில் திருப்பித் தருவேன் என்று சொல்லுங்கள். கண்காணிப்புக் குழுவில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் உட்கார்ந்து மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

யாரும் மேடையில் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள் நெகேமியாவிடம் வந்து முறையிட்டார்கள் (5-ம் அதிகாரம்). வட்டி வாங்கியது யார்? அந்நியர் யாரும் இல்லை, சொந்த ஜனத்தின் பிரபுக்களும் அதிகாரிகளும். நெகேமியா அதற்காகத் தனி ஜெபக்கூட்டம் வைக்கவில்லை. அவர்களுக்கு விரோதமாகப் பெரிய சபை கூடிவரச் செய்து, எல்லார் முன்பும் கேட்டார். நூற்றுக்கொன்று வீதம் வாங்கிவந்த வட்டியையும், நிலங்களையும் வீடுகளையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். அவர்கள் வாங்கியது நூற்றுக்கு ஒன்று. நம் ஊரில் அஞ்சு வட்டிக்கும் பத்து வட்டிக்கும் விடுகிறவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி அவர் உபயம், கல்வெட்டில் பேரும் இருக்கிறது. அவரிடம் கடன்பட்டவர் நாலு வரிசை பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் பாடுகிறார், அல்லது ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சபைக் கமிட்டி அடுத்த தடவை கூடும்போது அஜெண்டாவில் இதை ஒரு பொருளாக எழுதிக் கொடுங்கள். தனியாகக் கொடுக்கப் பயமாக இருந்தால் நாலைந்து குடும்பமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் பதிவாகிறதா என்று அன்றே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.